குப்பனூர் வழியா வந்துட்டான் சார்!

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ரெண்டு ரோடு. ஒன்று, அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறுவது. டூரிஸ்ட்டுகள் ஜன்னல் வழியே தலையை நீட்டி வாந்தி எடுப்பது இதில்தான். இன்னொன்று அயோத்தியாப்பட்டணம் தாண்டி குப்பனூர், கொட்டச்சேடு வழியாகச் சுற்றிக்கொண்டு போவது. கோடை விழாக் கூட்டத்தைப் பார்த்ததும் உள்ளூர் ஆசாமிகள் சத்தமில்லாமல் இந்தப் பக்கம் திரும்பிவிடுவார்கள். 2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயல் மழையில் பெரிய ரோட்டில் மண் சரிந்தபோதும் குப்பனூர்தான் கைகொடுத்தது.

இப்போது ஒரு கற்பனை. கண்டவர்களும் மலைக்கு வரக்கூடாது என்று அடிவாரத்தில் மட்டும் செக்போஸ்ட் போட்டு, நாலு போலீஸ்காரரை நிறுத்திவிட்டு, குப்பனூரை மறந்துவிட்டால்? சிரிப்பீர்கள். வெப்சைட்டுக்கு பாஸ்வேர்டு போடும் ஆபீஸ்கள் பல, இதைத்தான் செய்கின்றன.

என்னோடு பி.காம். படித்தவன் ஆடிட்டர் ஆபீஸ் வைத்திருக்கிறான். "இனிமே பேப்பரே கெடையாதுடா. கிளையன்ட் சமாசாரம் எல்லாம் சைட்லதான். பாஸ்வேர்டு போட்டாத்தான் தொறக்கும்" என்றான் பெருமையாக. என் ரிட்டர்னைத் திறந்தேன். அதன் விலாசம் 117 என்று முடிந்தது. லாக்-அவுட் செய்துவிட்டு அதே விலாசத்தை மறுபடி தட்டினேன். பாஸ்வேர்டே கேட்காமல் ஜம்மென்று திறந்தது!

"118 போட்டுப் பாரேன்" என்றேன். அவனே போட்டான். செவ்வாய்ப்பேட்டை வியாபாரி ஒருவரின் பான் கார்டு, பேங்க் கணக்கு, வீட்டில் பெண்டாட்டிக்கே தெரியாத ஒரு கடன். ஆடிட்டரை நம்பிச் சொன்னது.

"வேற யாராச்சும் பாத்திருப்பாங்களாடா?" என்றான். குரல் சரியாக வரவில்லை. அன்றைக்கு ராத்திரி சைட்டையே இழுத்து மூடிவிட்டுத்தான் சாப்பிடப் போனான்.

சின்ன ஆபீஸ்தானே என்று நினைக்க வேண்டாம். 2019 மே மாதம் அமெரிக்காவில் ஃபர்ஸ்ட் அமெரிக்கன் என்ற சொத்துப் பத்திர இன்சூரன்ஸ் கம்பெனி மாட்டியது இதே 117, 118 விவகாரத்தில். விலாசத்தில் ஓர் எண்ணை மாற்றினால் அடுத்தவர் பத்திரம்! 88.5 கோடி ஆவணங்கள். நம் ஊரில் அதே வருஷம் பிப்ரவரியில், இண்டேன் கேஸ் டீலர்களுக்கான பக்கம் ஒன்று கூகுள் தேடலில் ஏறி, லாகின் பக்கத்தைத் தொடாமலே திறந்ததாக டெக்கிரஞ்ச் எழுதியது. வாடிக்கையாளர் விவரமும் ஆதார் எண்ணும் தெரிந்தன, 67 லட்சம் பேர் வரை இருக்கலாம் என்று அதைக் கண்டுபிடித்தவர் கணக்குப் போட்டார். ஆதார் எதுவும் எங்கள் சைட்டிலிருந்து கசியவில்லை என்று இந்தியன் ஆயில் மறுத்தது.

பழைய வித்தைதான் இது. கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டு வந்தது 1960-களின் தொடக்கத்தில், எம்.ஐ.டி.யில். 1962-லேயே அங்கே ஆலன் ஷெர் என்ற மாணவர், தனக்குக் கொடுத்த கம்ப்யூட்டர் நேரம் போதவில்லை என்று, பாஸ்வேர்டு இருந்த ஃபைலையே பிரின்ட் போடச் சொல்லி கார்டு கொடுத்தார். கம்ப்யூட்டரும் சமர்த்தாக அடித்துக் கொடுத்தது. பூட்டை அவர் தொடவே இல்லை!

இன்னும் சிலர் பாஸ்வேர்டைப் பக்கத்துக்குள்ளேயே எழுதி வைப்பார்கள். 'வியூ சோர்ஸ்' அழுத்தினால் பல்லிளிக்கும். அதைப் பூட்டு என்று சொல்வதே பாவம்.

சரியான வழி, சர்வரே கேட்பது. அப்பாச்சி சர்வரில் ஒரு ஃபோல்டருக்குள் 'ஹெச்டிஆக்ஸஸ்' என்ற குட்டி ஃபைலை வைத்து நாலு வரி எழுதினால், அதற்குக் கீழே எந்தக் கோப்பைத் தொட்டாலும், எந்த வழியாக வந்தாலும், பேரும் பாஸ்வேர்டும் கேட்கும். தவறினால் 401 என்று கையை விரித்துவிடும். ஆனால் இந்த முறையில் பாஸ்வேர்டு போவது 'பேஸ்64' என்ற வேஷத்தில். வேஷத்தைக் கலைக்க ஒரு நொடி போதும். ஆகவே விலாசம் 'ஹெச்டிடிபிஎஸ்' என்று ஆரம்பித்தே ஆக வேண்டும். பாஸ்வேர்டு பட்டியலையும் சைட் ஃபோல்டருக்கு வெளியே, ஹாஷ் செய்து வைக்க வேண்டும். ஒரே பாஸ்வேர்டை ஆபீஸ் முழுக்கக் கொடுத்திருந்தால், வேலையை விட்டுப் போனவரும் வந்து போவார்.

அப்புறம், எண்ணை மாற்றி அடுத்தவர் பக்கத்தை எட்டிப் பார்க்கும் சபலம் வேண்டாம். அனுமதியில்லாமல் நுழைவது ஐ.டி. சட்டம் 43-வது பிரிவில் வரும். உங்கள் சொந்தப் பக்கத்தில் மட்டும் சோதியுங்கள். விலாசத்தைக் காப்பி பண்ணிக்கொண்டு லாக்-அவுட் செய்யுங்கள். வேறு பிரவுசரில் ஒட்டுங்கள். திறந்தால், மேனேஜரிடம் சொல்ல லஞ்ச் முடியும்வரை காத்திருக்க வேண்டாம்.