பேக்ஸ்பேஸுக்குப் பாதி, டெலீட்டுக்கு முழுசு

நோட்பேடில் 'கு' என்று தட்டிவிட்டு பேக்ஸ்பேஸை அழுத்தினால் உகரம் மட்டும் போய் 'க' தங்கிவிடும். அதே 'கு'வுக்கு முன்னால் கர்சரை வைத்து டெலீட்டை அழுத்தினால் முழு எழுத்தும் காலி. ஒரே எழுத்துக்கு ஏன் இரண்டு நியாயம்?

திரையில் தெரியும் எழுத்து கணினியின் நினைவகத்தில் அப்படியே இருப்பதில்லை. அங்கே இருப்பவை வரிசையான எண்கள். யூனிகோடில் ககரத்துக்கு ஓர் எண், உகரக் குறிக்குத் தனி எண். இரண்டையும் இணைத்து 'கு' என வரைவது எழுத்துருவும் அதை இயக்கும் மென்பொருளும். 'ஸ்ரீ'க்குள் நான்கு எண்கள் ஒளிந்திருக்கின்றன!

பேக்ஸ்பேஸ் பெரும்பாலும் கடைசி எண்ணை மட்டும் எடுக்கும். 'கு'வுக்குப் பதில் 'கூ' வேண்டுமென்றால் குறியை மாற்றினால் போதும். ககரத்தை மறுபடி தட்ட வேண்டாம். நல்ல ஏற்பாடுதான். டெலீட்டும் அப்படிச் செய்தால் வம்பு. முதல் எண்ணான ககரம் போய், உகரக் குறி ஆதரவின்றி ஒரு புள்ளி வட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அதனால்தான் முழு எழுத்தும் போகிறது. அம்புக்குறி விசைகளும் எழுத்தின் நடுவே நிற்காமல் தாண்டுவது இதனால்தான்.

விண்ணப்பப் பெட்டிகளில் வரும் 'இத்தனை எழுத்துக்குள்' என்ற வரம்பும் பல நேரம் எண்களைத்தான் எண்ணுகிறது. 'தமிழ்' நமக்கு மூன்றெழுத்து, அந்தப் பெட்டிக்கு ஐந்து. தமிழில் நிரப்புகிறவர்கள் கொஞ்சம் சுருக்கியே எழுதுங்கள்.