தானாக நேரே நிற்கும் ஹாண்டில்

வெள்ளவத்தை வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "எனது பழைய ஹொண்டா சீடி 125 இப்போது அம்பு மாதிரி நேராகப் போகுது. ஹாண்டிலைத் திருப்பினால் நடுவில் வந்து 'டக்'கென்று தானே நிற்குது. வயது போகப் போக வண்டி திருந்துமா?"

திருந்தவில்லை ஐயா. ஹாண்டில் பெயாரிங் போய்விட்டது.

சில்லுப் பெயாரிங் முழுவட்டமாய்ச் சுற்றுவதால் தேய்வு எங்கும் பரவும், கிறீஸும் பரவும். ஹாண்டில் கழுத்துக்குள் இருக்கும் இந்தப் பெயாரிங்குக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. காலி வீதியால் கோட்டை வரை வந்தாலும் அது அசைவது பெரும்பாலும் சில பாகைதான். ஒவ்வொரு பள்ளத்தின் அடியும் அதே குண்டுகள் வழியே அதே புள்ளிகளில் இறங்கும். அங்கிருந்த கிறீஸ் பிதுங்கி ஒதுங்க, இரும்பை இரும்பு அரைக்கும். கழற்றினால் குண்டுகள் உட்காரும் கோப்பை என் அம்மம்மாவின் பல்லாங்குழிப் பலகை போலிருக்கும். அந்த 'டக்', குண்டுகள் குழிக்குள் இறங்குவது.

இதைவிட விசித்திரம், ஓடாத வண்டிக்கும் இந்தக் குழி விழும் என்பது. 1930களில் அமெரிக்காவில் ரயிலேற்றி அனுப்பிய புதுக் கார்கள் சில்லுப் பெயாரிங் கெட்டு வந்திறங்கின. ரயிலின் சிறு நடுக்கமே போதுமாயிருந்தது.

காலி வீதியில் ஓடும்போது உங்கள் ஹாண்டிலின் குழி தெரியாது. புறக்கோட்டையில் நாட்டாமையின் வண்டிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே ஊரும்போது தெரியும். மெதுவாகப் போகையில் ஹாண்டிலை நூலளவு திருப்பித் திருப்பித்தான் சமநிலை பிடிக்கிறோம். குழி அந்த நூலளவை விடாது, வண்டி தள்ளாடும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபின் பழைய மோட்டார் சைக்கிளுக்குப் புதுப் பெயின்ரும் சீற்றும் போட்டு அழகு பார்த்தோம். கழுத்துக்குள் எட்டிப் பார்த்தவர் எத்தனை பேர்? சேர்விஸ் என்று கொடுத்தால் அங்கே தண்ணீரைப் பீய்ச்சி மிச்சக் கிறீஸையும் கழுவிவிடுகிறார்கள். பஞ்சிகாவத்தைக்குப் போய் "போல்ஸ் மட்டும் தாங்க" என்று கேட்பது அதைவிட மோசம். குழி விழுந்த கோப்பைக்குள் புதுக் குண்டு போட்டு என்ன பயன்? கோப்பை, கோன், குண்டு மூன்றையும் செற்றாக வாங்குங்கள். பொருந்தும் டேப்பர் ரோலர் கிடைத்தால் இன்னும் நல்லது. அது பாரத்தைப் புள்ளியில் அல்ல, கோட்டில் தாங்கும்.

புதுக் கோப்பையை ஒருபக்கமாய் அடித்து இறக்க விடாதீர்கள், சரிந்து உட்காரும். நட்டையும் பலம் காட்டி இறுக்கக் கூடாது. முன்சில்லைத் தூக்கி வைத்தால் ஹாண்டில் தன் பாரத்தில் இருபக்கமும் விழவேண்டும். ஃபோர்க்கைப் பிடித்து முன்பின் ஆட்டினால் ஆட்டம் இருக்கக் கூடாது. சில நூறு கிலோமீற்றர் ஓடியதும் கோப்பை அமர்ந்து நட் சற்றுத் தளரும். அப்போது கராஜுக்கு இன்னொரு முறை போய் அதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.