தேயிலை மண்ணில் லாவெண்டர்

ஈப்போ பக்கமிருந்து சிம்பாங் பூலாய் சாலையில் மலையேறி வருபவர்களுக்குக் கேமரன் மலையின் முதல் ஊர் கம்போங் ராஜா. ஒரு புறம் ப்ளூ வேலி தேயிலைத் தோட்டம். மறுபுறம் சரிவெங்கும் பிளாஸ்டிக் கூரைகள். அவற்றுக்கு அடியில் தக்காளி, குடைமிளகாய், செவ்வந்தி. அங்கிருந்து பிரிஞ்சாங் போகும் சாலையில் கோலா தெர்லாவைக் கடந்தால் திரிங்காப் வரும். கேமரன் லாவெண்டர் தோட்டம் அங்கேதான் இருக்கிறது. பள்ளி விடுமுறை நாட்களில் அதன் வாசலில் கார் நிறுத்த இடம் கிடைப்பது கடினம். ஊதாப் பூக்களுக்கு நடுவே நின்று படம் எடுத்துக்கொள்ள சிங்கப்பூரிலிருந்துகூட ஆட்கள் வருகிறார்கள்.

அந்தப் பூவின் தாய்வீடு மத்தியதரைக் கடலோரம். கோடையில் மண் காய்ந்து வெடிக்கும், கல்லும் சுண்ணாம்பும் கலந்த குன்றுகள். அப்படிப்பட்ட செடியை மழையும் மூடுபனியும் விலகாத ஒரு மலையில் வளர்ப்பதென்றால், அதற்கு வேண்டிய பருவத்தை விவசாயியே உண்டாக்கித் தர வேண்டும். கேமரன் மலையில் லாவெண்டர் தோட்டக்காரரின் அன்றாட வேலை என்பது பெரும்பாலும் இதுதான்.

தேயிலைக்கு எதெல்லாம் பிடிக்குமோ அதெல்லாம் லாவெண்டருக்கு ஆகாது. தேயிலை புளித்த மண்ணில் செழிக்கும். அதற்கு ஏற்ற கார அமிலக் குறியீடு 4.5 முதல் 5.5 வரை. கருங்கல் சிதைந்து உண்டான கேமரன் மண் இயல்பாகவே அப்படிப்பட்டது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் இங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கி வெற்றி கண்டதற்கு இந்த மண்ணும் ஒரு காரணம். ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் மழை இன்னொரு காரணம். லாவெண்டர் கேட்பது 6.5க்கு மேல் 8 வரையிலான மண். மழையோ, பிரான்ஸின் புரோவான்ஸ் பகுதியில் இதில் பாதிகூடப் பெய்யாது. இங்கே லாவெண்டர் நடுகிறவர் டோலமைட் சுண்ணாம்பைத் தூவி, சில மாதங்கள் பொறுத்து, மண்ணைச் சோதித்துப் பார்த்த பிறகுதான் குழி எடுக்க வேண்டும்.

'மலையில்தான் குளிர் இருக்கிறதே, பிறகென்ன?' என்று கேட்பவர்கள் உண்டு. கேமரன் மலையில் பகலில் 25 டிகிரியை ஒட்டியும் இரவில் 15 டிகிரியை ஒட்டியும் வெப்பம் நிற்கிறது. தானா ராத்தாவில் 1978 பிப்ரவரி 1ஆம் தேதி பதிவான 7.8 டிகிரிதான் மலேசிய வானிலை நிலையங்களில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை. நமக்கு இது நடுங்கவைக்கும் குளிர். ஆனால் வாசனைத் தைலத்துக்குப் பேர்போன ஆங்கில லாவெண்டருக்கு இது போதாது. 5 டிகிரியை ஒட்டிய குளிரில் பல வாரங்கள் உறங்கி எழுந்தால்தான் அது ஒழுங்காகப் பூக்கும். அதன் பிறகு நீண்ட பகலும் வேண்டும். புரோவான்ஸில் கோடைப் பகல் 15 மணி நேரத்தைத் தாண்டும். கேமரன் மலை பூமத்திய ரேகைக்கு வடக்கே நாலரை டிகிரியில் இருக்கிறது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இங்கே அரை மணி நேர வித்தியாசம்தான்.

பகலை நீட்டும் வித்தையை இந்த மலை விவசாயிகள் முன்பே அறிவார்கள். இரவில் இந்தச் சாலைகளில் போனால் சில பிளாஸ்டிக் கூரைகளுக்குள் வரிசையாக விளக்குகள் எரிவதைப் பார்க்கலாம். செவ்வந்தி, பகல் குறைந்தால் பூக்கும் செடி. தண்டு போதிய உயரம் வளரும்வரை இரவில் விளக்கெரித்து அதன் பூப்பைத் தள்ளிப்போடுகிறார்கள். பிறகு விளக்கை அணைத்தால் மொட்டு விடும். இதே விளக்கை வைத்து லாவெண்டருக்குக் கோடைப் பகலைக் காட்டலாம். ஆனால் குளிர்கால உறக்கத்தை எந்த விளக்கும் தராது. மின் கட்டணமோ சிறு தோட்டத்தின் கையைக் கடிக்கும்.

ஆகவே இங்கே கைகொடுப்பது இனத் தேர்வு. லாவெண்டர் பேரினத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. அவற்றில் உறைகுளிரைக் கேட்காமல், மிதமான தட்பவெப்பத்தில் அடுத்தடுத்துப் பூப்பவை சில. இலையின் விளிம்பு சிறு ரம்பம்போல் பல் பல்லாக இருந்தால் அது 'டென்டாட்டா'. பூங்கதிரின் உச்சியில் முயல் காதுகள்போல் இரண்டு மூன்று இதழ்கள் நிமிர்ந்து நின்றால் 'ஸ்டோகஸ்'. தைலத்தின் தரத்தில் இவை ஆங்கில லாவெண்டருக்கு ஈடாகா. வாசனையில் கற்பூர நெடி தூக்கலாக இருக்கும். துளசி, புதினா, கற்பூரவள்ளி எல்லாம் இதே குடும்பத்துச் செடிகள்தான் என்பதை டென்டாட்டா இலையைக் கசக்கி முகர்ந்தவுடனே மூக்கு சொல்லிவிடும்.

வெயில், பனி என்று இங்கே ஆண்டு பிரிவதில்லை. மழையை வைத்துத்தான் பிரிகிறது. ஜனவரியும் பிப்ரவரியும் ஓரளவு காய்ந்த மாதங்கள்; இரவுகள் ஆண்டிலேயே குளிர்ந்தவை. புதுப் பாத்தி கட்டவும் நடவும் இதுவே நல்ல நேரம். பாத்தியை ஒன்றரை அடி உயரத்துக்கு மேடாக எழுப்பி, மணலும் சிறு கல்லும் உமிக்கரியும் கலக்கிறார்கள். செடிக்குச் செடி இரண்டடிக்குக் குறையாமல் இடைவெளி விட்டால்தான் காற்று புகுந்து வெளியேறும். தழைச்சத்து உரத்தை அள்ளிப் போடக் கூடாது. போட்டால் இலை கொழுக்கும், தண்டு சாயும், பூ குறையும்.

மார்ச் இறுதியிலிருந்து மே வரை பிற்பகல் மழை. சாம்பல் பூஞ்சணம் தலைகாட்டும் காலம் இது. பூங்கதிரில் நீர் தங்கினால் இரண்டே நாளில் சாம்பல் படரும். கூரைக்கடியில் இருக்கும் செடிகளுக்கு இந்தத் தொல்லை பாதிதான். ஆனால் கூரையின் பக்கங்களையும் மூடிவிட்டால் உள்ளே ஈரம் தேங்கி, நோய் இன்னும் வேகமாகப் பரவும். தலைக்கு மேலே மூடு, பக்கங்களைத் திறந்துவிடு என்பதே இங்குள்ள மழைக் கூரைகளின் பாடம். ஜூனிலும் ஜூலையிலும் மழை தணியும்போது பூ அடர்த்தியாகும். அறுத்து உலர்த்த ஏற்ற மாதங்களும் அவையே. கதிரின் அடிப்பூக்கள் ஒன்றிரண்டு விரிந்ததும் காலைப் பனி காய்ந்த பிறகு அறுத்து, சிறு கட்டுகளாகக் கட்டி, இருட்டான காற்றோட்டமுள்ள அறையில் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும். வெயிலில் காய்ந்தால் நிறம் வெளுத்துவிடும்.

செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலான அடைமழைதான் உண்மையான சோதனை. வேரழுகல் நோய்க்கிருமி நீர் தேங்கிய மண்ணில் நீந்திப் பரவும். செடி வாடி நிற்பதைப் பார்த்து, தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மேலும் ஊற்றிவிடுகிறவர்கள் உண்டு. வேர் அழுகி நீரை உறிஞ்ச முடியாமல் போனதால் வந்த வாட்டம் அது. அப்படிப்பட்ட செடியை மண்ணோடு பெயர்த்து அப்புறப்படுத்துவதைத் தவிர வேறு வழி இல்லை.

கவ்வாத்து விஷயத்தில் தேயிலைத் தோட்டத்தில் கை பழகியவர்கள் தங்கள் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. தேயிலையைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மொட்டைக் கட்டை தெரிய வெட்டினாலும் சில வாரங்களில் கட்டையிலிருந்து புதுத்துளிர் வெடித்துக் கிளம்பும். லாவெண்டர் அப்படியல்ல. பழுப்பேறிய மரத்தண்டில் கத்தி பட்டால் அந்தக் கிளை பெரும்பாலும் துளிர்ப்பதே இல்லை. ஆகவே பூ முடிந்ததும் பசுமையான பகுதியில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் வெட்டி, இலைக்குக் கீழே வெட்டு இறங்காதபடி பார்த்துக்கொள்கிறார்கள். இதை ஓர் ஆண்டு விட்டாலும் செடி நடுவில் பிளந்து, அடிமரம் தெரியப் பரந்துவிடும்.

அப்படி வெட்டிய கொம்புகளில்தான் அடுத்த ஆண்டின் நாற்றுகள் இருக்கின்றன. பூக்காத இளங்கொம்பைக் கைவிரல் நீளத்துக்கு நறுக்க வேண்டும். கீழ்ப்பாதி இலைகளை உருவி எடுத்துவிட்டு, கணுவுக்குச் சற்றுக் கீழே கூரிய கத்தியால் ஒரே வெட்டாக வெட்டி, மணலும் தேங்காய் நார்த்தூளும் கலந்த தட்டில் ஊன்ற வேண்டும். நாலைந்து வாரங்களில் மெதுவாக இழுத்துப் பார்த்தால் பிடி கொடுக்கும். வேர்விட்டதற்கு அதுவே அடையாளம். ஈரமான மலையில் செடிகள் சீக்கிரம் தேய்ந்துபோவதால், ஆண்டுதோறும் ஒரு தட்டாவது போத்து ஊன்றிவைப்பதுதான் தோட்டத்தைத் தொடர்ந்து நிறுத்தி வைக்கிறது.

இவ்வளவு பாடுபட்டு வருமானம் எங்கிருந்து வருகிறது? உலகில் லாவெண்டர் தோட்டங்கள் பிழைப்பது இரண்டு வழிகளில். ஒன்று தைலம். ஜம்மு பகுதியின் டோடா மாவட்டத்தில், பதேர்வா மலைகளில் மக்காச்சோளம் விதைத்துவந்த சிறு விவசாயிகள், ஜம்முவிலுள்ள இந்திய ஒருங்கிணைந்த மருத்துவ ஆய்வுக் கழகம் தந்த நாற்றுகளை நட்டு, தைலம் வடித்து விற்கிறார்கள். அங்கே பனி பெய்கிறது. ஆங்கில லாவெண்டர் கேட்கும் உறக்கம் கிடைக்கிறது. 'ஊதாப் புரட்சி' என்று இந்தியா முழுவதும் பேசப்படுவது அதைத்தான்.

மற்றொன்று பார்வையாளர்கள். ஜப்பானின் ஹொக்கைடோவில் ஃபுரானோ பள்ளத்தாக்கிலிருக்கும் தொமித்தா பண்ணை 1958இல் தைலத்துக்காக லாவெண்டர் பயிரிடத் தொடங்கியது. 1970களில் செயற்கை வாசனைப் பொருட்களும் மலிவான இறக்குமதியும் வந்து தைல விலையைச் சாய்த்தன. சுற்றியிருந்தவர்கள் செடியை உழுதுபோட்டார்கள். 1976இல் ஜப்பானிய ரயில்வேயின் நாட்காட்டியில் அந்தப் பண்ணையின் வயல் படம் வெளியானது. ஆட்கள் தேடி வரத் தொடங்கினார்கள். இன்று ஜப்பானியர் ஜூலையில் போகும் பெயர்பெற்ற இடங்களில் அது ஒன்று. திரிங்காப் தோட்டமும் இந்த இரண்டாவது வழியில்தான் நடக்கிறது. நுழைவுச்சீட்டு, லாவெண்டர் ஐஸ்கிரீம், தொட்டிச் செடி, பக்கத்துப் பாத்திகளில் மற்றப் பூக்களும் ஸ்ட்ராபெர்ரியும் என்று பலவற்றைச் சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும். லாவெண்டர் பூ குறைந்த வாரத்திலும் வருகிறவர் வெறுங்கையோடு திரும்பாமல் இருக்க வேறு பூக்கள் வேண்டும்.

கம்போங் ராஜா வட்டாரத்தில் சிறிதாக ஒரு லாவெண்டர் தோட்டம் போட நினைக்கிறவர்கள் பூவுக்கு முன்னால் நிலத்தைப் பார்க்க வேண்டும். மலையில் பலர் நெடுங்காலமாகத் தற்காலிக அனுமதியின் பேரிலேயே பயிர்செய்து வந்திருக்கிறார்கள். முட்டைகோஸ் மூன்று மாதத்தில் பணமாகும். லாவெண்டர் பல ஆண்டு நிற்க வேண்டிய செடி, குத்தகை கையைவிட்டுப் போனால் சுண்ணாம்பிட்ட பாத்தியும் சேர்ந்து போகும். இன்னொன்று சரிவு. 2024 ஜனவரி இறுதியில் ப்ளூ வேலியில் அதிகாலையில் ஏற்பட்ட மண்சரிவில் மியன்மாரைச் சேர்ந்த ஐந்து பேர் உயிரிழந்தார்கள். காய்கறித் தோட்டங்களுக்காகக் காட்டை வழித்த சரிவுகளில் மண் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்பதை இந்த மலைவாசிகளுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. லாவெண்டர் வரிசைகளைச் சரிவின் குறுக்கே, சம உயரக் கோட்டில் அமைத்து, வரிசைகளுக்கு நடுவே புல்லை வெட்டாமல் விட்டு, கூரையிலிருந்து வழியும் நீரைக் குழாயில் பிடித்துத் தொட்டிக்குக் கொண்டுபோனால் மண் இடத்தில் நிற்கும். பிளாஸ்டிக் கூரையால் செடிக்குக் கிடைக்கும் நன்மை, அதன் விளிம்பிலிருந்து கொட்டும் நீர் கீழ்ச்சரிவை அரிக்காமல் இருக்கும்வரைதான்.

ஆசைப்பட்டு ஒரு தொட்டியை ஈப்போவுக்கோ கிள்ளானுக்கோ எடுத்துப்போகிறவர்கள் டென்டாட்டாவாகப் பார்த்து வாங்கினால் நல்லது. அடியில் துளையுள்ள மண்தொட்டி, காலை வெயில் விழும் கிழக்குப் பக்கம், மழைச்சாரல் படாத கூரை ஓரம், மேல்மண் விரலுக்குக் காய்ந்த பிறகே தண்ணீர். சமவெளியின் வெம்மையான இரவுகளில் அது மலையில்போல் பூக்காது. ஆனாலும் கொம்பு பசுமையாக இருக்கும்போதே நாலைந்து போத்து வெட்டி ஊன்றிவைத்தால், தாய்ச்செடி போனாலும் வீட்டில் செடி இருக்கும்.