அமைவுக் கோப்புகளின் இலக்கணமும் எளிமையும்

யூனிக்ஸ் என்னும் இயங்குதளம் 1969ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வகத்தில், கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி முதலியோரால் தொடங்கப்பெற்றது. அதன் நெறியைப் பின்பற்றிய லினக்ஸ் முதலியவற்றிலும், கணினி எவ்வாறு இயங்கவேண்டும் என்னும் விதிகள் பெரும்பாலும் எளிய எழுத்துக் கோப்புகளிலேயே உள்ளன. இவற்றை அமைவுக் கோப்புகள் எனலாம். இவற்றை எவரும் திறந்து படிக்கலாம்; குறிப்புரை சேர்க்கலாம்; படியெடுத்து மற்றொரு கணினிக்குக் கொண்டுசெல்லலாம். இஃது இம்முறையின் சிறப்பாகும்.

எனினும் பயில்வோர் இதனைக் கடினம் என்பர். காரணம் யாது? எழுத்து ஒன்றே, இலக்கணமோ கோப்புதோறும் வேறு. பயனர் பட்டியலாகிய கோப்பில் ஒவ்வொரு வரியும் முக்காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட 7 உறுப்புகளை உடையது. சேமிப்பகங்களை இணைக்கும் ‘எஃப்எஸ்டாப்’ கோப்பிலோ 6 உறுப்புகள் வெற்றிடத்தால் பிரிகின்றன. குறித்த காலத்தில் ஏவலை நிறைவேற்றும் ‘கிரான்’ நிரலின் கோப்பில் நிமிடம், மணி, மாதநாள், மாதம், கிழமை என்னும் 5 உறுப்புகள் முன்னிற்க, ஏவல் இறுதியில் வரும்.

உறுப்புகளின் வரிசையை மனப்பாடம் செய்துவிடலாம். பொருள் மயக்கமே பெரிதும் அஞ்சத்தக்கது. 13ஆம் நாளும் வெள்ளிக்கிழமையும் ஒருங்கே அமையும் நாளில் மட்டும் பழைய கோப்புகளை நீக்க விரும்பும் ஒருவர், மாதநாளுக்குரிய இடத்தில் 13 எனவும், கிழமைக்குரிய இடத்தில் 5 எனவும் கிரான் கோப்பில் எழுதுகிறார் எனக் கொள்வோம். ஒவ்வொரு 13ஆம் நாளிலும், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையிலும் நீக்கம் நிகழும். ஏனைய உறுப்புகள் கூடியே பொருள் தர, இவ்விரண்டும் ஒருங்கே குறிக்கப்படும்போது மட்டும் விகற்பமாகின்றன. எழுதியவர் எண்ணும்மை கருதினார்; கணினி ‘அல்லது’ எனக் கொண்டது. வரியில் வடிவப்பிழை இன்மையின் எச்சரிக்கையும் இல்லை. இழந்த கோப்புகளே பிழையை அறிவிக்கும்.

இதற்கு மருந்தாகக் கோப்புகளை மறைத்து, பொத்தான்களும் பட்டியல்களும் உடைய திரைகளை முன்வைப்பர் சிலர். தொடக்கத்தில் அவை உதவும். ஆனால் திரையில் இடம்பெறாத விதி வேண்டப்படும்போது பயனர் மீண்டும் கோப்பையே நாடவேண்டும்; அப்போது அதன் இலக்கணம் முன்போலவே இருண்டு கிடக்கும்.

வேறொரு நெறியும் உண்டு. நிருவாக உரிமைகளைக் கூறும் கோப்பைத் திருத்துவதற்குரிய ‘விசூடோ’ நிரல், திருத்தத்தை முதலில் ஒரு படியிற் கொண்டு, வடிவப்பிழை உளதா என ஆராய்ந்து, பிழை கண்டால் வரியைச் சுட்டி அறிவிக்கும். 2010இல் தோன்றிய ‘சிஸ்டம்டி’ இன்னும் ஒரு படி மேற்சென்றது. அதன் காலக்குறிப்பில் கிழமையும் நாளும் உம்மைப் பொருளிலேயே வரும். மேலும், எழுதிய குறிப்பைத் தான் எவ்வாறு உணர்ந்தது என்பதையும், அஃது அடுத்து நிகழும் நாளையும் முன்கூட்டியே காட்டும் கட்டளையும் அதனுடன் உண்டு.

முன்னது வடிவத்தைக் காத்தது. பின்னது பொருளையும் காத்தது. ஆதலின் எளிமை என்பது எழுத்தை மறைப்பதன்று. எழுதியவன் கருதிய பொருளும் கணினி கொண்ட பொருளும் ஒன்றே என்பதைச் செயலுக்கு முன்னரே காட்டுவதே எளிமையாம்.