வெற்றிடப் பம்பியும் குமிழிக் குடைவும்

உலோகத்திற் குழி கண்டால் உப்பையே குற்றவாளியாக்குவது கடற்கரை வாழ்வோர் வழக்கம். உப்பு விளையும் புத்தளத்தில் இது வியப்பன்று. ஆயினும், வெற்றிடப் பம்பியின் இம்பெலரில் விழுந்த குழிகளைப் பார்ப்போர் முதலில் உசாவ வேண்டியது நீரின் வெப்பநிலையையேயாம்.

கற்பிட்டிக் குடாநாட்டிலே நுரைச்சோலை அனல்மின் நிலையம் 2011இல் தொழிற்படத் தொடங்கிற்று. 2014இல் 300 மெகாவாற்றுப் பொறித்தொகுதிகள் மூன்றும் நிறைவெய்தின. இத்தகைய நிலையங்களிலே, சுழலியை விட்டு நீங்கும் நீராவி, கடல்நீராற் குளிரும் ஒடுக்கியில் நீராகின்றது. ஒடுக்கியுட் கசியும் வளியை இடையறாது அகற்றாவிடின் வெற்றிடங் குன்றும். அதே நிலக்கரியிற் கிடைக்கும் மின்னுங் குன்றும்.

இப்பணிக்குப் பெரும்பாலும் நீர்வளையப் பம்பிகளே அமர்த்தப்படுகின்றன. உருளைக் கூட்டினுள் மையம் விலகிச் சுழலும் இம்பெலர், நீரை வெளிவிளிம்பில் வளையமாக வீசுகின்றது. அவ்வளையத்துக்கும் இதழ்களுக்கும் இடைப்பட்ட வெளி விரியுமிடத்து வளி புகும். சுருங்குமிடத்து வெளியே தள்ளப்படும்.

நீர் 100 பாகையிற் கொதிப்பது வளிமண்டல அமுக்கத்திலேதான். அமுக்கம் 32 மில்லிமீற்றர் இரசமாகத் தாழ்ந்தால் 30 பாகை நீரே கொதிக்கும். 35 பாகை நீருக்கு 42 போதும். பம்பிகளின் விபரப்பட்டியல்களோ பெரும்பாலும் 15 பாகை நீரைக் கருதியே எழுதப்படுகின்றன. அந்நீர்க்கு எல்லை 13. அத்தகைய குளிர்நீரை நம் கரையில் எங்குத் தேடுவது?

உள்ளே கொதித்தெழும் குமிழிகள், அமுக்கம் மிகும் புறத்தை அடைந்ததும் நசிந்து உலோகத்தை அறைகின்றன. கப்பல் உந்திகளைக் கெடுத்த இந்நசிவின் அமுக்கத்தை இறேலி பிரபு 1917இற் கணித்துக் காட்டினார்.

நோயை அறிவது அரிதன்று. பம்பியுட் பரற்கற்கள் உருள்வது போன்ற ஒலி எழும். உறிஞ்சுவாயிற் சிறிது வளியைப் புகவிட, அவ்வொலி அடங்குமாயின் ஐயமில்லை. கழற்றிப் பார்த்தால், வளி வெளியேறும் வாயை அடுத்த தட்டிலும் இதழ்களிலும் கடற்பஞ்சு போன்ற சொரசொரப்பான குடைவுகள் திரண்டிருக்கும். உப்பரிப்போ அவ்வாறு ஓரிடத்தைத் தேர்ந்து நிற்பதன்று.

மேலும், மின்னிலையங்கள் பலவற்றில் அவ்வளையத்திற் சுழல்வது நன்னீர். கடல்நீர் வெப்பமாற்றியின் மறுபுறத்தே செல்வது. உப்புத் தொடாத இம்பெலருக்கு உப்பைப் பழிப்பதெங்ஙனம்? துருவேறா உருக்கில் இம்பெலர் மாற்றுவோர் உளர். அது சின்னாள் கூடுதலாக உழைக்கும், அவ்வளவே.

செய்யத்தக்கது வளையநீரைக் குளிர்வித்தலே. வெப்பமாற்றியின் குழாய்களிற் படியும் சேற்றையும் கடலுயிர்களையும் அகற்றி, நீர் புகுமிடத்தும் நீங்குமிடத்தும் வெப்பமானி பொருத்தி நாடோறும் குறித்தல் வேண்டும். உறிஞ்சுவாயில் வளி புகவிடும் அடைப்பிதழும் செவ்வனே இயங்கவேண்டும். நம் கடல் மிகச் சூடேறுவது சித்திரை, வைகாசியிலாதலின், குழாய்களைப் பங்குனியிலேயே துப்புரவு செய்தல் நன்று.