தலையில் ஒரு கட்டி, பீரோவில் ஒரு ஃபைல்

புற்றுநோய்க்காக ஒரு கிட்னியை எடுத்து, சில ஆண்டுகள் செக்கப்புக்கும் போய்வந்த பிறகு, வீட்டில் அந்தப் பேச்சே நின்றுவிடும். ஆனால் இந்த நோய் 10 ஆண்டு கழித்துக்கூட வேறிடத்தில் தலைகாட்டலாம். பெரும்பாலும் நுரையீரலில், எலும்பில். அபூர்வமாக மண்டையோட்டில்.

எண்ணெய் தேய்க்கும்போது உச்சியில் ஒரு மேடு தட்டுப்படும். வலிக்காது. கொழுப்புக்கட்டி என்று விட்டுவிடுவோம். சிறுநீரகத்திலிருந்து பரவிய கட்டியில் ரத்தக்குழாய்கள் மிகுதி. விரல் வைத்தால் சிலருக்கு நாடிபோலத் துடிக்கும். உச்சிக்கு நேர் கீழே, எலும்பின் உட்புறத்தை ஒட்டி, மூளையின் அசுத்த ரத்தத்தை வடிக்கும் பெரிய சிரை ஓடுகிறது. கட்டி உள்நோக்கி வளர்ந்து அதை நெருக்கினால் ரத்தம் தேங்கும், தலைக்குள் அழுத்தம் ஏறும். விடிந்ததும் தலைவலி, குனிந்தால் இருமினால் கூடுவது, வாந்தி, பார்வை மங்கல், வலிப்பு என்று எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

அங்கே முதலில் சொல்ல வேண்டியது பழைய ஆபரேஷனை. அக்கம்பக்கத்துக்குத் தெரியக்கூடாது என்று டாக்டரிடமும் மறைக்கிற குடும்பங்கள் இருக்கின்றன, தயவுசெய்து மறைக்காதீர்கள். சாதாரணக் கட்டி என்று நினைத்துக் கத்தி வைத்தால் ரத்தம் பீறிடும். விஷயம் தெரிந்தால் எம்.ஆர்.ஐ.யுடன் சிரைகளைக் காட்டும் வெனோகிராமும் எடுப்பார்கள். தேவைப்பட்டால் கட்டிக்குப் போகும் ரத்தக்குழாய்களை முன்கூட்டியே அடைத்துவிட்டு அறுவை செய்வார்கள். துல்லியக் கதிர்வீச்சு, இம்யூனோதெரபி, மாத்திரைகள் என்று வழிகள் உண்டு. பரவிவிட்டது என்றாலே கைவிட வேண்டியதில்லை.

பழைய பயாப்ஸி ரிப்போர்ட் கையில் இல்லையா? இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதிகளின்படி, நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். எழுத்தில் கேளுங்கள், ஒப்புகை வாங்குங்கள். தராவிட்டால் மாநில மருத்துவ கவுன்சிலிலோ மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலோ புகார் செய்யலாம். ஆனால் உள்நோயாளி ஆவணங்களை 3 ஆண்டு பாதுகாக்கத்தான் அந்த விதி சொல்கிறது. 10 ஆண்டு கழித்துத் திரும்பும் நோய்க்கு அது எந்த மூலைக்கு? டிஸ்சார்ஜ் சம்மரி, பயாப்ஸி ரிப்போர்ட், ஸ்கேன் சி.டி. மூன்றையும் வீட்டுக்குப் போகும் நாளிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.

செலவுக்கு, தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. எந்தச் சிகிச்சை அதில் அடங்கும் என்பதை அட்மிஷனுக்கு முன்பே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள்.