நோயாளிக்கு மருந்து, தொழிலாளிக்கு?

புற்றுநோய் வார்டில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்? நர்ஸ் மருந்து ஏற்றுகிறார். ஆயா பெட்பானை எடுத்துக் கழுவுகிறார். துப்புரவுத் தொழிலாளி தரையைத் துடைக்கிறார். சலவைத் தொழிலாளி அழுக்குத் துணியை மூட்டை கட்டுகிறார்.

இவர்கள் யாரும் நோயாளிகள் அல்ல. ஆனால் புற்றுநோய் மருந்து இவர்கள் உடம்புக்குள்ளும் போகலாம். அது எப்படி என்று பார்ப்போம்.

வலிமையான மருந்து

நம் உடம்பு கோடிக்கணக்கான செல்களால் ஆனது. புற்றுநோய் வந்தால் சில செல்கள் அடங்காமல் பெருகுகின்றன. மருந்து அவற்றை அழிக்கிறது. ஆனால் நல்ல செல் எது, கெட்ட செல் எது என்று அதற்குச் சரியாகத் தெரியாது. வேகமாகப் பெருகும் நல்ல செல்களையும் அது தாக்கும். அதனால்தான் நோயாளிக்கு முடி கொட்டுகிறது. வாயில் புண் வருகிறது.

முதலாம் உலகப் போரில் 1917ஆம் ஆண்டு மஸ்டர்டு வாயு என்ற விஷ வாயுவை வீசினார்கள். அதே வகையைச் சேர்ந்த ஒரு பொருளை 1942ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர்கள் புற்றுநோயாளிக்கு மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார்கள். கட்டி சுருங்கியது. அந்த வழியில் வந்த மருந்துதான் சைக்ளோபாஸ்பமைடு. இன்றும் பல நோயாளிகளுக்குக் கொடுக்கிறார்கள். இதே மருந்து புற்றுநோயை உண்டாக்கவும் கூடும் என்று உலக அளவிலான புற்றுநோய் ஆய்வு நிறுவனம் அறிவித்துள்ளது.

அப்படியானால் இந்த மருந்து வேண்டாமா? வேண்டும். நோயாளிக்கு அது உயிரைக் காக்கும் மருந்து. ஆனால் நோய் இல்லாதவர் உடம்புக்குள் அது ஏன் போக வேண்டும்? பயிரைக் காக்கப் பூச்சிமருந்து அடிக்கிறோம். அடிக்கும் ஆளையும் காக்க வேண்டாமா?

நர்சுகளின் சிறுநீர் சொன்ன செய்தி

1979ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். புற்றுநோய் மருந்தைக் கையாண்ட நர்சுகளின் சிறுநீரை எடுத்து, கிருமிகளின் மேல் சோதித்தார்கள். கிருமிகளின் மரபணுவை மாற்றும் பொருள் அந்தச் சிறுநீரில் இருந்தது தெரிந்தது.

1985ஆம் ஆண்டு அதே நாட்டில் இன்னோர் ஆய்வு வெளிவந்தது. இந்த மருந்துகளைக் கையாண்ட நர்சுகளுக்குக் கருச்சிதைவு ஆபத்து அதிகம் என்று அது கூறியது. இப்படிப்பட்ட ஆய்வுகளால் பல நாடுகள் விழித்துக்கொண்டன.

மருந்து எந்த வழியாக வருகிறது?

குப்பியிலிருந்து ஊசியை உருவும்போது கண்ணுக்குத் தெரியாத துளிகள் காற்றில் தெறிக்கும். அதை மூச்சில் இழுக்கிறோம். மேசையில் சிந்திய துளி கையில் படும். தோல் வழியே உள்ளே போகும். கையைக் கழுவாமல் டீ குடித்தால், சாப்பிட்டால் வாய் வழியாகப் போகும். ஊசி குத்தினாலும் போகும்.

இன்னொரு வழியும் உண்டு. அதைப் பலருக்கு யாரும் சொல்வதில்லை. மருந்து ஏற்றிய பிறகு சுமார் இரண்டு நாள் வரை நோயாளியின் சிறுநீர், மலம், வாந்தி ஆகியவற்றில் மருந்து இருக்கலாம். நர்ஸ் மருந்தை ஊசியில் தொடுகிறார். ஆயா பெட்பானில் தொடுகிறார். சலவைத் தொழிலாளி ஈரத் துணியில் தொடுகிறார்.

ஒன்றை மறக்கக் கூடாது. புற்றுநோய் தொற்றுநோய் அல்ல. நோயாளியின் பக்கத்தில் உட்காரலாம். கையைப் பிடிக்கலாம். எச்சரிக்கை மருந்துக்குத்தான். மனிதருக்கு அல்ல.

எப்படிக் கண்காணிப்பது?

இதற்கு மூன்று வழிகள் உண்டு.

ஒன்று, இடத்தைச் சோதிப்பது. மேசை, தரை, கதவுக் கைப்பிடி ஆகியவற்றை ஈரத் துண்டால் துடைப்பார்கள். அந்தத் துண்டை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். பளபளக்கும் மேசையிலும் மருந்து இருக்கலாம். கண் காட்டாததைச் சோதனை காட்டும்.

இரண்டு, தொழிலாளியின் சிறுநீரைச் சோதிப்பது. மருந்து உடம்புக்குள் போயிருக்கிறதா என்று இது சொல்லும்.

மூன்று, உடல் பரிசோதனை. இரத்தச் சோதனை செய்வார்கள். தோல் தடிப்பு, தலைவலி, குமட்டல், முடி கொட்டுதல், கருச்சிதைவு பற்றிக் கேட்பார்கள். எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதுவார்கள்.

இரத்தச் சோதனையில் குறை இல்லை என்றால் ஆபத்தே இல்லை என்று பொருள் அல்ல. இந்த மருந்தில் இவ்வளவு பட்டால் பரவாயில்லை என்று உறுதியான அளவு எதுவும் இல்லை. எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. ஆகவே சோதனை மட்டும் போதாது. சோதனையில் மருந்து தெரிந்தால் வேலை செய்யும் முறையை மாற்ற வேண்டும். மருந்து கலக்கத் தனிப் பாதுகாப்புப் பெட்டி வேண்டும். தகுந்த கையுறை, மேலங்கி வேண்டும். சிந்தினால் துடைக்கத் தனிப் பொருள்கள் தயாராக இருக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் 2016ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகள் வந்தன. புற்றுநோய் மருந்துக் கழிவைக் கண்ட குப்பையோடு சேர்க்கக் கூடாது. அதற்கு மஞ்சள் நிறப் பையோ பெட்டியோ உண்டு. அதை 1200 டிகிரிக்கு மேல் வெப்பத்தில் எரிக்க வேண்டும்.

மருத்துவக் கழிவைக் கையாளும் எல்லோருக்கும் வேலையில் சேரும்போது உடல் பரிசோதனை செய்ய வேண்டும். பிறகு ஆண்டுக்கு ஒரு முறையாவது செய்ய வேண்டும். பதிவேடு வைக்க வேண்டும். பயிற்சியும் கொடுக்க வேண்டும். இதுவும் அந்த விதிகளில் உள்ளது.

எல்லோருக்கும் என்றால் காண்டிராக்டில் வேலை செய்பவருக்கும் சேர்த்துத்தான். அவர் இன்று ஒரு காண்டிராக்டரிடம் இருப்பார். நாளை வேறொருவரிடம் போவார். அவருடைய பதிவேடு எங்கே இருக்கும்? பல ஆண்டு கழித்து நோய் வந்தால், எந்த வேலையால் வந்தது என்று எதைக் காட்டிச் சொல்வார்? அதனால் பரிசோதனைச் சீட்டின் நகலைக் கேட்டு வாங்கி வீட்டில் பத்திரமாக வைக்க வேண்டும்.

தெரிந்துகொள்வோம், கேட்போம்

மஞ்சள் பையில் ஒட்டிய எச்சரிக்கைச் சீட்டைப் படியுங்கள்.

கையுறை இல்லாமல் பெட்பானையோ ஈரத் துணியையோ தொடாதீர்கள். கிழிந்த கையுறையை உடனே மாற்றுங்கள். கையுறையைக் கழற்றிய பிறகு சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவுங்கள். கைக்குத் தடவும் கிருமிநாசினி இந்த மருந்தைப் போக்காது.

மருந்து இருக்கும் அறையில் சாப்பிடாதீர்கள். வெற்றிலை போடாதீர்கள்.

கர்ப்பமாக இருப்பவரும் பால் கொடுக்கும் தாயும் வேறு வேலை கேட்கலாம். கேட்பதில் வெட்கம் இல்லை. கொடுப்பது சலுகையும் இல்லை.

மருந்து மேலே சிந்தினால் உடனே கழுவுங்கள். மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். பதிவேட்டில் எழுதச் செய்யுங்கள். எழுதியதை நீங்களே படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். படிக்கத் தெரிந்த கையை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது.

நோயாளியின் உயிரைக் காக்கும் இடத்தில் தொழிலாளியின் உடல்நலமும் காக்கப்பட வேண்டும்.